ஓடி நின்ற சில்லில் ஈரச் சந்தனம்

எங்கள் வீட்டில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அம்மா அதைக் கண்ணூறு என்பார், நான் பற்றரி என்பேன், பெரும்பாலும் பற்றரியாகத்தான் இருக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கீழே எழுதப் போவதைப் படித்துவிட்டு இவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. யாராவது பேய்க்கதை தொடங்கினால் மேசையை விட்டு எழுந்து போகிறவள் நான். அப்பா யுத்தத்தால் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலைக் கண்ட முதல் ஆள் நான்தான், அதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. படித்தது உலோகங்களைப் பற்றி. ஒரு பொருள் தேய்ந்தால் காரணம் இருக்கும், உடைந்தாலும் காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அப்படியிருந்தும் போன ஒக்டோபரில், பட்டப்பகலில், ட்யூப் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்த ஒரு வேலைத்தலத்தில் நான் கண்டதற்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

வேலை மிசிசாகாவில். விமான நிலையத்துக்கு எவ்வளவு பக்கம் என்றால், இறங்குகிற விமானத்தின் நிழல் எங்கள் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போகும். நான் ஸ்காபரோவில் இருந்து தினமும் 401 இல் போய்வருகிறேன், அந்த வீதியைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. முதலாளி குகன் அண்ணை. அகதியாக வந்து பார்க்டேலில் ஒரு நிலவறையில் இருந்துகொண்டு, லேத் பட்டறையில் தரை கூட்டத் தொடங்கி, பிறகு அந்தப் பட்டறையையே வாங்கியவர். கழிவுநீர் நிலையங்களில் காற்று ஊதுகிற பெரிய இயந்திரங்களுக்குள் சாப்பாட்டுத் தட்டளவு அகலத்தில் ஒரு சில்லு இருக்கும், டைட்டேனியத்தில் செய்தது, நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவை சுற்றும். அந்தச் சில்லுகளைத் திருத்திச் சோதித்து அனுப்புவதுதான் எங்கள் தொழில். அந்த வேகத்தில் விளிம்பில் ஒரு கிராம் கூடுதலாக ஒட்டியிருந்தால், வளர்ந்த ஆள் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு சில்லையும் எடை சமன்செய்து, பிறகு ‘குழி’ என்று நாங்கள் சொல்கிற இடத்தில் ஓட்டிப் பார்ப்போம். நிலத்துக்குள் இறக்கிய தடித்த இரும்புக் கிணறு அது. சில்லை அதற்குள் தொங்கவிட்டு, மூடியைப் பூட்டி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வழமையான வேகத்தைவிடக் கூடுதலாகச் சுற்றுவோம். உடைவதென்றால் அதற்குள்ளேயே உடையட்டும் என்பதுதான் நோக்கம். நல்லபடி ஓடி முடிந்தால் றிப்போட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து விழுந்தால் சில்லு போகும், இல்லாவிட்டால் போகாது.

ஒவ்வொரு விஜயதசமிக்கும் குகன் அண்ணையின் மனைவி ராணி அன்ரி வடை, கடலை, சந்தனம், குங்குமத்தோடு வந்து எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைப்பார். லேத், கிரேன், ஃபோர்க்லிஃப்ட், பிரிண்டர், கோப்பி மெஷின், ஒன்றையும் விடமாட்டார். நான் சேர்ந்த முதல் வருடமே சில்லுகளுக்கு வைக்கக் கூடாது என்று தடுத்தேன். காய்ந்த சந்தனம் எவ்வளவு எடை, அந்த வேகத்தில் அது எவ்வளவு இழுக்கும் என்று கணக்கும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்ரிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, என்றாலும் படித்த பிள்ளை சொல்லுது என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து பட்டறையில் பாதிப்பேருக்கு என்மேல் ஒரு கடுப்பு இருந்தது, இது என் கற்பனை இல்லை. சின்னப் பெட்டை வந்து சாமிக்கே சட்டம் போடுகிறாள் என்று ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

போன வருட விஜயதசமிக்கு மறுநாள் காலை. முதல்நாள் சமன்செய்து, பிளாஸ்டிக் உறையால் நானே மூடி வைத்த சில்லு ஒன்று குழிக்குப் போக இருந்தது. பழைய சில்லு, பல வருடம் ஓடியது. சிவப்புச் சாயம் பூசி விரிசல் பார்த்திருந்தோம், ஒன்றும் இல்லை. உறையை எடுத்தேன். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

எனக்கு வந்தது பயமில்லை, கோபம். முதலில் போனில் ஒரு படம் எடுத்தேன், சாட்சி வேண்டுமே. குழியை ஓட்டுகிறவர் சேவியர் அண்ணை, மன்னார்க்காரர், பக்கத்தில் நின்று கையுறை போட்டுக்கொண்டிருந்தார். இது உங்கட வேலையோ என்று நேராகவே கேட்டேன்.

"எனக்கென்ன விசரோ தங்கச்சி, நான் வேதக்காரன். வைச்சிருந்தா சிலுவையெல்லோ வைச்சிருப்பன்" என்றார்.

ராணி அன்ரிக்குப் போன் எடுத்தேன். தான் சில்லு இருந்த பக்கமே போகவில்லை என்று சத்தியம் பண்ணினார். குகன் அண்ணை வந்து பார்த்துவிட்டு, வைச்சது வைச்சாச்சு, துடைச்சுப்போட்டு ஓட்டும் என்று சொல்லிப் போனார், போகும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

சொல்வென்ற் ஊற்றி நானே துடைத்தேன், வெள்ளைத் துணியில் மஞ்சள் வருவது நிற்கும்வரை துடைத்தேன். தொங்கவிட்டோம், மூடினோம், காற்றை எடுத்தோம், பக்கத்து அறையில் இருந்து ஓட்டினோம். பாதி வேகம் தாண்டும்வரை திரையில் அதிர்வுக் கோடு நேராகப் போனது, பிறகு மெல்ல ஏறியது. விளிம்பில் ஏதோ ஒட்டியிருக்கும்போது வருகிற அதே அதிர்வு. எந்தப் பக்கம் கனம் என்று திரை காட்டும். நான் துடைத்த பக்கம். எனக்கு முதுகு குளிர்ந்தது, ஆனால் அறையில் ஏசி போட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறுத்தினோம். சேவியர் அண்ணை மூடியின் போல்ட்டுகளைக் கழற்ற, நான் பக்கத்திலேயே நின்றேன். கிரேன் மூடியைத் தூக்கியது. பொட்டு அதே இடத்தில் இருந்தது.

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, ஈரமாக இருந்தது. இது ஏன் நடக்கக் கூடாத காரியம் என்று சொல்கிறேன். அந்த வேகத்தில் சந்தனம் விளிம்பில் நிற்காது, தெறித்துக் கிணற்றுச் சுவரில் கோடு போடும். சுவர் சுத்தமாக இருந்தது. காற்றில்லாத இடத்தில் ஈரமும் நிற்காது, நொடியில் கொதித்துக் காய்ந்துவிடும். நான் விரல் படாமல் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். சாயமாக இருக்குமோ, எங்கேயோ உறிஞ்சிய சிவப்புச் சாயம் கசிகிறதோ என்று பார்த்தேன், சாயம் மண்ணெண்ணெய் போல மணக்கும். இதில் சந்தனம்தான் மணத்தது. தேய்ந்த பாகங்களைப் படமெடுக்கிற கமராவைக் கொண்டுவந்து மிகக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்தேன்.

அப்போதும் நான் பேயை நினைக்கவில்லை. சேவியர் அண்ணையைத்தான் நினைத்தேன். மூடி எழும்பும்போது நான் ஒருமுறை திரும்பிச் சுவரைப் பார்த்தேன், அந்த நேரத்துக்குள் அவர் சந்தனத்தைச் சட்டைக் கைக்குள் இருந்து எடுத்து வைத்திருக்கலாம். காரணமும் இருந்தது. அந்தச் சில்லோடு திங்கட்கிழமை ஹமில்டன் பக்கத்துக் கழிவுநீர் நிலையத்துக்குப் போய், அதை மாட்டி, முதல் முறை ஓடும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர் அவர். அந்த வாரம் அவருடைய மகளுக்குப் பிறந்தநாள், போக விருப்பமில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அல்லது குகன் அண்ணையும் சேர்ந்து, சட்டம் போட்ட பெட்டைக்கு ஒரு பாடம் என்று நினைத்திருக்கலாம். நான் யாரையும் விடவில்லை.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். மறுபடி துடைத்தேன். குழியின் மூடிக்கு என் லொக்கரில் இருந்த பூட்டைப் போட்டேன், சாவி என் ஜக்கெற்றுக்குள். நானே ஓட்டினேன். கோடு கடைசிவரை நூல் பிடித்தது போல நேராகப் போனது. திறந்தேன், சில்லில் ஒன்றுமே இல்லை, கண்ணாடி போல இருந்தது.

ஆகவே ஆள் பிடிபட்டது என்றுதான் நினைத்தேன். அவர் பக்கத்தில் நின்றபோது பொட்டு, நிற்காதபோது இல்லை. குகன் அண்ணையின் அறைக்குப் போய் அப்படியே சொன்னேன், சேவியர் அண்ணையும் அங்கே நின்றார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கைகள் இரண்டையும் திருப்பிப் பார்த்தார். குகன் அண்ணை றிப்போட்டை என் பக்கம் தள்ளினார். ஓடி முடிந்ததுதானே, சைன் பண்ணும், பஞ்சாயத்தைப் பிறகு வைப்பம் என்றார்.

பேனையை எடுத்துவிட்டேன். என் பெயரின் முதல் எழுத்தைப் போடுகிற நேரத்தில்தான் என் கணக்கில் ஒரு ஓட்டை தெரிந்தது. சேவியர் அண்ணை மூடியைத் திறக்கும்போது பொட்டு வைத்தார் என்றே இருக்கட்டும். ஆனால் அதிர்வு வந்தது ஓடிக்கொண்டிருந்தபோது. நான் துடைத்து, மூடி, எவருடைய கையும் படாமல் ஓடிக்கொண்டிருந்தபோது. ஓடும்போது வந்த கனத்தை, நின்ற பிறகு யாரும் வைக்க முடியாது. ஒரு தடவை வந்த கனம் மறுதடவை வரவில்லை. சில்லின் உள்ளே ஏதோ, ஒரு விரிசலோ என்னவோ, திறந்து மூடுகிறது.

பேனையை வைத்தேன். இன்னொரு முறை, இன்னும் கூடுதலான வேகத்தில், இன்னும் கூடுதலான நேரம் ஓட்ட வேண்டும் என்றேன்.

"காரணம் என்னெண்டு எழுதப் போறீர்?" என்றார் குகன் அண்ணை. "சந்தனம் எண்டோ? உம்மட படிப்பைப் பற்றி அந்தச் சனம் என்ன நினைக்கும்?"

அது எனக்குத் தைக்க வேண்டும் என்றே சொன்னார், தைத்தது. ஹமில்டனில் சில்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்கள் அன்று காலையில் இருந்து இரண்டு தரம் போன் எடுத்திருந்தார்கள். வேண்டுமென்றால் வேறு யாரையும் வைத்து சைன் பண்ணுங்கோ, என் பெயரில் போகாது என்றேன். பிறகு சேவியர் அண்ணை வாயைத் திறந்தார்.

"ஓட்டிப் பாப்பம் அண்ணை. பக்கத்தில நிக்கப் போறது நான்தானே."

பின்னேரம் மூன்று மணிக்கு மேல் இருக்கும், யன்னலால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பக்கத்து அறையில் இருந்தோம். வேகம் ஏறியது, கோடு நேராக நின்றது, குகன் அண்ணை என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். பிறகு கோடு என்ற ஒன்றே திரையில் இல்லை. சத்தம் பிறகுதான் வந்தது, காதால் இல்லை, கால் வழியாக வந்தது. கட்டடம் முழுக்க ஒருமுறை உதறியது, மேசையில் இருந்த கோப்பி கவிழ்ந்தது. குழி தாங்கியது, அதைக் கட்டியவர்கள் நன்றாக இருக்க வேண்டும். மூடியைத் தூக்கியபோது சில்லு மூன்று துண்டாகக் கிடந்தது, சுவரில் ஒரு பள்ளம், அதற்குள் என் கை முழுதாகப் போனது. சேவியர் அண்ணை அதைப் பார்த்துவிட்டுத் தரையில் குந்திவிட்டார். ஹமில்டனில் அந்த இயந்திரத்தைச் சுற்றி இப்படிக் கிணறு இல்லை, மெல்லிய தகட்டு மூடிதான், அவர் நிற்கிற இடம் அதற்கு ஒரு கை தூரம்.

சில்லு உடைந்த பரப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். டைட்டேனியத்துக்குள், மேற்பரப்புக்குக் கீழே, உருக்கி எடுத்த நாளிலேயே உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு கடினமான மணி. அதைச் சுற்றி விரிசல் வளர்ந்திருக்கிறது, மரத்தின் வளையங்கள் போல. வெளியே வராத விரிசலைச் சாயம் காட்டாது. வேகத்தில் அது திறந்திருக்கிறது, அதுதான் அந்த வந்துபோன அதிர்வு. இதுவரை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, நான் எழுதிய றிப்போட்டில் உள்ளதும் இவ்வளவுதான். விரிசல், பொட்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது என்பதை நான் எழுதவில்லை.

பொட்டை யார் வைத்தது என்ற கேள்வியை மட்டும் என்னால் விட முடியவில்லை. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ராணி அன்ரி பிள்ளையார் காப்பாற்றினார் என்று சொல்லி அடுத்த கிழமை மோதகம் கொண்டுவந்தார். சேவியர் அண்ணை சந்தனத்தைப் பற்றிக் கதைப்பதே இல்லை. நான் கிட்டத்தில் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தனத்தில் விரல் ரேகை பதிந்திருந்தது.

அந்த ரேகை சாதாரணமாக இல்லை. மேடுகள் மொட்டையாகத் தேய்ந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்த மெல்லிய கீறல்களோடு இருந்தது. தேய்வைப் படிப்பது என் தொழில், அதனால் அது எதனால் தேய்ந்த விரல் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. உலோகத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கு முன் அதன் சின்னத் துண்டு ஒன்றை விரல்களால் பிடித்து, சுற்றுகிற தட்டில் அழுத்திப் பளபளப்பாக்க வேண்டும். அதை வருடக்கணக்காகச் செய்தால் விரல் நுனியும் சேர்ந்து தேயும். எங்கள் பட்டறையில் அந்த வேலையைச் செய்வது நான் ஒருத்திதான்.

பல் டொக்டர்கள் அச்சு எடுப்பது போன்ற ஒரு பசை எங்களிடமும் உண்டு, தேய்ந்த பாகங்களை அச்செடுக்க. அதில் எல்லோரையும் பொட்டு வைக்கிற விரலை, வலக்கை மோதிர விரலை, அழுத்தச் சொன்னேன். பொலிஸிட்டக் குடுக்கப் போறீரோ என்று குகன் அண்ணை பகிடி பண்ணினார், ஆனால் அழுத்தினார். சேவியர் அண்ணையின் விரல் முழுக்கப் பழைய வெட்டுக் காயங்கள், குகன் அண்ணையுடையது மெத்தென்று இருந்தது, அன்ரியுடையது வெடிப்பு. ஒருவருடையதும் பொருந்தவில்லை. கடைசியாக என்னுடையதை அழுத்தினேன். என் ரேகையில் தேய்வு இப்போதுதான் தொடங்குகிறது, படத்தில் இருப்பதோ இருபது, முப்பது வருடம் தேய்ந்தது. அதைவிட, என் கீறல்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன, படத்தில் இடப்பக்கம். அந்த ஆள் துண்டை இடக்கையால் பிடிக்கிற ஆள். நான் வலக்கைக்காரி. அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டேன், உண்மையாகவே விட்டேன்.

படத்தை ராணி அன்ரிக்குக் காட்டி, இடக்கை என்று சொன்னதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"இடக்கையால ஆர் பிள்ளை சந்தனம் வைக்கிறது? மற்றக் கை ஏலாத ஆக்கள்தான் வைப்பினம்" என்றார்.

ஜனவரியில் எங்கள் அடுக்குமாடியின் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. இந்த நாட்டில் எஞ்சினியரிங் முடித்தவர்கள் வேலை செய்கிற கையின் சின்ன விரலில் ஒரு மோதிரம் போடுவார்கள், வீங்கிய விரலில் இருந்து அதைக் கழற்றி நர்ஸ்தான் மற்றக் கையில் போட்டுவிட்டாள். கட்டோடு சும்மா இருக்க முடியாது, வேலை குவிந்துகொண்டே போனது. துண்டுகளை இடக்கையால் பிடிக்கப் பழகினேன். அப்போதெல்லாம் எனக்கு இது உறைக்கவேயில்லை, நம்புங்கள், வலியிலும் வேலையிலும் அந்தப் படத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

கட்டு அவிழ்த்து இப்போது மாதக்கணக்காகிவிட்டது. மணிக்கட்டு சரியாகப் பொருந்தவில்லை, அழுத்திப் பிடித்தால் நடுங்குகிறது, இனி இப்படித்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இடக்கை நன்றாகப் பழகிவிட்டது, முந்தியதைவிட வேகம் என்று குகன் அண்ணை புகழ்கிறார். போன கிழமை ஒரு சந்தேகத்தில் இடது மோதிர விரலைப் பசையில் அழுத்தி, படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேய்வு இப்போது கொஞ்சம்தான், படத்தில் உள்ள அளவுக்குத் தேய இன்னும் இருபது வருடமாவது போகும். சாய்வு அதே பக்கம்.

சேவியர் அண்ணைதான் எப்படியோ செய்திருப்பார் என்று இன்றும் ஒரு நாளைக்கு நாலு தடவை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார், அவருக்காகப் போவேன். சந்தனக் கிண்ணம் வரிசையில் என்னிடம் வரும்போது எந்தக் கை தானாக நீளுகிறது என்று பார்க்கத் துணிவில்லாமல், இரண்டு கைகளையும் ஜக்கெற் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொள்கிறேன்.